புகாரில் உண்மை இல்லை

ஆவாரந்தாங்கல் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு குறையும் கிடையாது என்று அரசுப் பள்ளிகள் செம்மையாக்கப் பேரவையின் ஆண்டறிக்கை நாற்பத்தோராம் பக்கத்தில் சொல்கிறது. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பள்ளிச் சுவருக்கு ரயில்பெட்டி மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஜன்னலில் தலை நீட்டினால் ரோட்டில் போகிறவர்கள் டாட்டா காட்டுவார்கள். கை கழுவ ஐந்து குழாய்கள், அவற்றுக்கு மேலே கை கழுவுவது எப்படி என்று ஏழு படங்கள். தொடுதிரைப் பலகை ஒன்று வந்து, தூசி பட்டால் கெட்டுவிடும் என்பதால் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலேயே பீரோ பக்கத்தில் பத்திரமாக நிற்கிறது. கருத்துப் பெட்டியும் உண்டு. அதன் சாவி வேங்கிக்காலில், பேரவை அலுவலகத்தில் இருக்கிறது.

டீச்சர்தான் இல்லை. அறிக்கைப் படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் போடாததால் அது குறையாக ஏறவில்லை.

டீச்சர் இல்லாமல் போனதற்குக் காரணம், அவர் நன்றாகப் பாடம் நடத்தியது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் ஓய்வு பெற்றுப் போனபின் மிஞ்சியவர் அன்புச்செல்வி. பொறுப்புத் தலைமையாசிரியரும் அவர்தான், ஐந்து வகுப்புகளும் அவர்தான். அரசுப் பள்ளிகள் செம்மையாக்கப் பேரவையிலிருந்து போன ஜூனில் ஒரு குழு பார்வையிட வந்தது. அன்புச்செல்வி ஆளுக்கொரு கை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்து வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது மல்லாட்டையை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஐந்து. குழுவினர் அசந்துபோனார்கள். "இப்படி ஒரு ஆசிரியர் பள்ளிக்கூடத்தில் வீணாகலாமா" என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். மறு வாரமே மாற்றுப்பணி ஆணை வந்தது. சிறந்த ஆசிரியர் எல்லா ஆசிரியருக்கும் பயன்படவேண்டும் என்று அன்புச்செல்வியைப் பேரவை எடுத்துக்கொண்டது. இருபத்தொரு மல்லாட்டையை நாலு பேருக்குப் பிரித்தால் என்ன ஆகும் என்பதை மறுநாள் சொல்வதாக இருந்தார். அந்த மறுநாள் வரவேயில்லை.

இதனால் ஐந்தாம் வகுப்பு ஓவியாவுக்கு மீதி வராத கணக்குகள் மட்டும் தெரியும். மீதி வந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஓவியாவின் அம்மா திரௌபதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. அந்தப் பதவி பெற்றோரில் ஒரு பெண்ணுக்குத்தான் என்று விதி. தேர்தல் நாளன்று பள்ளிக்கு வந்திருந்த ஒரே பெண், மகள் மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்த திரௌபதி. ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அன்றிலிருந்து டீச்சர் இல்லாத பள்ளிக்கு அவள்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. காலையில் சமையலம்மா கதவைத் திறப்பார், பிள்ளைகள் உட்காருவார்கள், மதியம் சாப்பிடுவார்கள், சமையலம்மா கதவைச் சாத்துவார். ஏழு பிள்ளைகள் ஏற்கனவே கீழ்பென்னாத்தூர் இங்கிலீஷ் ஸ்கூல் வேனில் ஏறிவிட்டார்கள். மிச்சம் பத்தொன்பது. பத்துக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிட்டு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு.

"இவளையும் வேன்ல ஏத்தி வுட்றலாம்மே" என்றான் புருஷன் வேடியப்பன். அவன் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவன். எந்தச் சிக்கலுக்கும் வேன்தான் வழி என்று நம்புகிறவன். "தலைவி பொண்ணு படிக்காம கெட்டுச்சுன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"தலைவி பொண்ணே வேன்ல போனா மத்தவன் எவன்யா இங்க வுடுவான்? டீச்சரை நான் கூட்டியாறேன்."

"நீ இன்னா, ஆட்டுக்குட்டியா, புடிச்சு இட்டாற?"

அந்த நேரம் பார்த்துத்தான் பேரவையிலிருந்து அழைப்பிதழ் வந்தது. 'வகுப்பறையில் ஆசிரியரின் இன்றியமையாமை: ஒருநாள் கருத்தரங்கம்.' மேலாண்மைக் குழுத் தலைவர்கள் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். திரௌபதிக்கு நம்பிக்கை பிறந்தது. தலைப்பே தன் வாயிலிருந்து பிடுங்கின மாதிரி இருந்தது.

கருத்தரங்கம் திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் முந்தின நாள் வாழைமரம் வாடி நின்றது. பட்டுப்புடவை கட்டி, சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமாக நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர் அன்புச்செல்வி.

"டீச்சர், நீங்களா?"

"வாங்கக்கா. பசங்க எப்படி இருக்காங்க? ஓவியா மீதிக் கணக்கு போடுறாளா?"

"யாரு சொல்லிக்குடுத்தா போடுறதுக்கு? நீங்க இங்க இன்னா வேலை பாக்குறீங்க?"

அன்புச்செல்வி குரலைத் தாழ்த்தினார். "வரவேற்பு. சாயங்காலம் நன்றியுரை. நடுவுல வாட்ஸ்அப் குரூப்பு. பதினேழு குரூப்புக்கா. காலைல எல்லாத்துலயும் ஒரு பொன்மொழி போடணும். சாக்பீஸைத் தொட்டு அஞ்சு மாசம் ஆவுது. திரும்ப அனுப்புங்கன்னு ரெண்டு தபா எழுதிக் குடுத்தேன். பணிவு போதலைன்னு பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க."

பின்னால் வரிசை நின்றதால் திரௌபதி மேல் பன்னீரைத் தெளித்து உள்ளே அனுப்பவேண்டியதாயிற்று.

மேடையில் பேரவைத் தலைவர் முனைவர் புகழேந்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் 'மணமக்கள் வாழ்க' என்ற எழுத்துகளை இன்னும் கழற்றவில்லை.

"அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, கருவறையில் சாமி இல்லையென்றால் கோயிலுக்கு யார் வருவார்? வகுப்பறையில் ஆசிரியர் இல்லையென்றால் பள்ளிக்கு யார் வருவார்? நான் கல்வித் துறைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள். அதில் முதல் நான்கு மாதம் வகுப்பறையில் இருந்தேன். அந்த நான்கு மாதத்தில் கற்றதைத்தான் மீதி ஆண்டுகளெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று புதன்கிழமை. முழு வேலை நாள். ஆனாலும் இந்த அரங்கில் இருநூற்றுப் பத்து ஆசிரியர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். வகுப்பறையில் ஆசிரியர் இருந்தே தீரவேண்டும் என்ற தீவிரம் நமக்கு இல்லையென்றால், இத்தனை பேரை வகுப்பறையிலிருந்து கிளப்பியிருக்க முடியுமா?"

கைதட்டல் எழுந்தது. திரௌபதியும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்று யோசித்தாள்.

அடுத்து குழு விவாதம். திரௌபதி நான்காம் குழு. ஆளுக்கொரு மஞ்சள் தாளைக் கொடுத்து, பள்ளியை மேம்படுத்த ஒரு யோசனை எழுதச் சொன்னார்கள். அவள் 'டீச்சர் வேண்டும்' என்று எழுதினாள். வழிநடத்த வந்த அம்மா அதைப் படித்துவிட்டு முகம் கோணாமல் சிரித்தார்.

"இது யோசனை இல்லைங்களேம்மா. இது கோரிக்கை. மஞ்சத் தாள்ல யோசனை மட்டுந்தான் எழுதணும்."

"அப்ப இதை எதுல எழுதுறது?"

"கோரிக்கைக்குத் தாள் இன்னும் அச்சடிக்கலை. நீங்க இதையே கொஞ்சம் யோசனை மாதிரி மாத்திக்குங்க. 'கற்றல் சூழலில் மனித இருப்பை உறுதி செய்தல்.' எப்படி இருக்கு?"

திரௌபதிக்கு அது டீச்சர் மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முன்பு எங்கோ நல்ல டீச்சராக இருந்திருக்க வேண்டும்.

மாலையில் தீர்மானம் வாசித்தார்கள். வகுப்பறைகளில் ஆசிரியர் இல்லாதது ஏன் என்று ஆராய உயர்நிலைக் குழு ஒன்று அமைக்கப்படும். அந்தக் குழுவில் பணியாற்ற இருபத்தைந்து ஆசிரியர்கள் உடனடியாகப் பள்ளிகளிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். அன்புச்செல்வி நன்றி கூறினார்.

மறுநாள் திரௌபதி மனுவோடு வேங்கிக்கால் போனாள். பேரவை ஒரு புது வீட்டை வாடகைக்கு எடுத்து இயங்கியது. பெரிய படுக்கையறையில் திட்டமிடல் பிரிவு, சமையலறையில் கண்காணிப்புப் பிரிவு, பூஜையறையில் தலைவர். ஹாலில் ஒரு பெரிய டிவி. அதில் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடின. டிவிக்குக் கீழே மனுப் பிரிவு எழுத்தர் பாலாஜி.

"மனு எட்டு மேசை சுத்தும்கா" என்றான் பாலாஜி, முத்திரை குத்திக்கொண்டே.

"எட்டு எதுக்கு?"

"கிரிவலத்துல எட்டு லிங்கம் இருக்குதா, இல்லியா? ஒண்ணை வுட்டுட்டுப் போவீங்களா? அதே மாதிரிதான். ஒவ்வொரு மேசையிலயும் 'பார்க்கப்பட்டது'ன்னு எழுதணும்."

"பாத்துட்டு இன்னா பண்ணுவாங்க?"

"அடுத்த மேசைக்கு அனுப்புவாங்க."

மலையை மூன்று மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். மனு ஏழு வாரம் சுற்றியது. எட்டாவது மேசையில் ஒருவர் அதை உண்மையிலேயே படித்து, 'சம்பந்தப்பட்ட பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர் நேரில் விசாரித்து அறிக்கை தருக' என்று எழுதினார். பாலாஜி அதை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்து, வராந்தாவில் கோப்புகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அன்புச்செல்வியிடம் நீட்டினான்.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல டீச்சர் இல்லையாம். விசாரிச்சு சொல்லுங்க."

"நான்தான் இங்க இருக்கேனே பாலாஜி. இல்லைதான்னு எழுதிக்கோ."

"இங்க குந்திக்கினு சொல்லக்கூடாது டீச்சர். ஸ்பாட்டுக்குப் போவணும். ஆப்புல காலைல ஒன்பதரைக்கு ஒரு போட்டோ, சாயங்காலம் நாலு பத்துக்கு ஒரு போட்டோ. நேரம், இடம் எல்லாம் அதுலயே விழும். முன்ன ஒரு ஆபீசர் ஒரே போட்டோ புடிச்சுட்டு சினிமாவுக்குப் போயிட்டாரு. அதுலேர்ந்து ரெண்டு. அதனாலதான் ஒருத்தரு ஒரு நாளைக்கு ஒரு மனுதான் விசாரிக்க முடியும்."

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலை, விசாரணை அதிகாரி அன்புச்செல்வி ஆவாரந்தாங்கல் பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். பத்தொன்பது பிள்ளைகளும் ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பதரைக்குப் படம் எடுத்தார். நாலு பத்துவரை சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து, மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பு, ஐந்தாம் வகுப்புக்கு மல்லாட்டை. நாலு பத்துக்கு இன்னொரு படம் எடுத்துவிட்டு, ஆப் கேட்ட கேள்வியைப் பார்த்தார். 'விசாரணையின்போது ஆசிரியர் பள்ளியில் இருந்தாரா?' இருந்தார். 'ஆம்' என்பதை அமுக்கினார். மிச்சத்தை ஆப்பே எழுதிக்கொண்டது.

அன்று இரவுச் சோற்று நேரத்தில் திரௌபதியின் போனில் வந்த செய்தியை ஓவியா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "புகாரில் உண்மை இல்லை என்று கள விசாரணையில் தெரியவந்ததால் தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது. தங்கள் மகிழ்ச்சியை ஐந்து நட்சத்திரங்களில் தெரிவிக்கவும்."

வேடியப்பன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான். "தலைவி பொய் சொல்லிட்டாங்களாமே."

வெள்ளிக்கிழமை டீச்சர் வரவில்லை. திரௌபதி சாயங்கால வேனிலேயே ஏறி வேங்கிக்கால் போய் பாலாஜி மேசை முன்னால் நின்றாள்.

"நான் பொய் சொன்னேனா? வந்து பாரு, இன்னிக்கு ஸ்கூல்ல யாரு இருந்தாங்கன்னு."

"அப்படின்னா புதுசா ஒரு மனு போடுங்க."

"இன்னொரு ஏழு வாரம் சுத்தவா?"

"இனிமே சுத்தாதுக்கா. அதே விஷயத்துக்கு முன்கோப்பு இருக்குது. நேரா விசாரணைதான். இருபத்துநாலு மணி நேரத்துல முடிக்கலைன்னா அந்த டிவியில செவப்பா வந்துரும். தலைவருக்கு செவப்பு ஆவாது. டாக்டரே சொல்லியிருக்காரு."

திரௌபதி டிவியைப் பார்த்தாள். பிறகு பாலாஜியைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் போட்டா அடுத்த வேலை நாளு டீச்சர் வருவாங்களா?"

"டீச்சர் வரமாட்டாங்க. அவங்க மாற்றுப்பணியில இருக்காங்க. விசாரணை அதிகாரி வருவாங்க."

"அது யாரு?"

"டீச்சர்தான்."

"அதுக்கு மறுநாளும் நான் ஒண்ணு போட்டா?"

"நீங்க போட முடியாது. ஒரே ஆளு ஒரே விஷயத்துக்கு முப்பது நாளைக்கு ஒரு தபாதான். வேற ஆளு போடலாம்."

பள்ளி மேலாண்மைக் குழுவின் வரலாற்றில் முதல் முறையாக உறுப்பினர்கள் எல்லோரும் வந்த கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பதினைந்து வீடுகள். அம்மா ஒரு மனு, அப்பா ஒரு மனு. ஒரு மாதத்துக்கு வேலை நாள் இருபத்திரண்டு. தேவைக்கு மேலேயே ஆள் இருந்தது. தினமும் சாயங்காலம் மனுவைக் கொண்டுபோய்ப் பேரவைப் பெட்டியில் போடுவது வேடியப்பன் பொறுப்பு.

"வேன் இல்லாம எதுவும் நடக்காதுன்னு நான் அப்பவே சொல்லலை?" என்றான் அவன்.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். புகாரில் உண்மை இல்லை. செவ்வாய்க்கிழமை வந்தார். புகாரில் உண்மை இல்லை. பொங்கல் கழிந்து, தைப்பூசம் கழிந்து, மாசி பிறந்தது. தினமும் ஒரு வீட்டார் பொய் சொல்லியிருந்தது தினமும் விசாரணையில் தெரியவந்தது. வேனில் போன ஏழு பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பெற்றோருக்கு மனு வரிசையில் இடம் கொடுத்த பிறகே பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். வீடுகள் இருபது ஆயின.

பங்குனியில் ஒரு நாள் வெள்ளைக் கார் ஒன்று பள்ளி முன்னால் நின்றது. முனைவர் புகழேந்தி இறங்கினார். பின்னால் பாலாஜி, கையில் சால்வையோடு. திரௌபதியைக் கூட்டிவரச் சொன்னார்கள். கொல்லையில் மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். சங்கதி தெரிந்துவிட்டது, டீச்சர் போச்சு என்றுதான் நினைத்தாள். சமையலம்மா வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புகழேந்தி அவளுக்குச் சால்வை போர்த்தினார். பிறகு பிள்ளைகள் முன்னால் பேசினார்.

"மனுக்களை இருபத்துநாலு மணி நேரத்தில் முடித்துவைப்பதில் நம் பேரவை முதலிடத்துக்கு வந்திருக்கிறது. அதில் பாதி மனுக்கள் இந்த ஊரிலிருந்து வந்தவை. எல்லாமே பொய்ப் புகார்கள் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஒரு பள்ளியின் மீது இத்தனை புகார் வந்தும் ஒன்றில்கூட உண்மை இல்லை என்றால், அந்தப் பள்ளி எவ்வளவு செம்மையாக இருக்கவேண்டும்."

விசாரணை அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரௌபதி சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சார், அவ்ளோ சந்தோசம்னா டீச்சரை இங்கயே போட்டுருங்களேன். தெனம் விசாரணைக்கு அலையுறாங்க."

"அதையும் யோசித்தோம் அம்மா" என்றார் புகழேந்தி, மிகவும் கனிவாக. "கோப்புகூடத் தயார். ஆனால் ஆசிரியர் திரும்பி வந்துவிட்டால் நீங்கள் மனு போடமாட்டீர்களே. மனு வராவிட்டால் நாங்கள் எதைத் தீர்ப்பது?" கொஞ்சம் நெருங்கி வந்து குரலைக் குறைத்தார். "மார்ச் கடைசிக்குள் விருதுக்கு எண்ணிக்கை காட்டவேண்டும். நீங்கள் ஒரு நாளைக்கு ஒன்று போடுகிறீர்கள். இரண்டாகப் போட முடியுமா?"

திரௌபதி வெண்டைக்காய்க்காரனிடம் விலை கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி நின்றாள்.

"போடலாம் சார். ஆனா ஒருத்தரு ஒரு நாளைக்கு ஒரு மனுதானே விசாரிக்க முடியும்?"

புகழேந்தி பாலாஜியைப் பார்த்தார். பாலாஜி தலையாட்டினான். விதி இருக்கிறது.

"அப்ப ரெண்டாவது மனுவை விசாரிக்க ஆளு வேணுமே சார். இல்லேன்னா தெனம் ஒண்ணு செவப்பா நிக்கும், நல்லாவா இருக்கும்?"

'சிவப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் பேரவைத் தலைவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நியாயந்தான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இரண்டு விசாரணை அதிகாரிகள் இறங்கினார்கள். இரண்டாமவர், அன்று மஞ்சள் தாளில் முத்து முத்தாக எழுதிய அந்த அம்மா. பெயர் மதிவதனி. மாற்றுப்பணிக்கு முன் ஒன்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை. ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் ஓவியா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு மனு நாற்பத்து நாலு. வீடு இருபது.

"வீட்டுக்கு ரெண்டு மனு, டீச்சர். மீதி நாலு."

"மீதியை இன்னா பண்ணுவ?" என்றார் அன்புச்செல்வி.

"சமையலம்மாகிட்ட ஒண்ணு குடுக்கலாம். அவங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு. மீதி ரெண்டை அப்பாவோட வேன்ல வர்றவங்க யார்னா போடட்டும்."

"சரி. இப்ப உங்க அம்மா முறை. நீ எழுது, அம்மா கையெழுத்துப் போடட்டும்."

ஓவியா தரையில் உட்கார்ந்து, தாளை நோட்டின் மேல் வைத்து எழுதினாள். 'ஐயா, எங்கள் பள்ளியில் ஆசிரியர் இல்லை.' அதற்குமேல் பென்சில் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், நீங்க எதிர்ல நிக்கிறீங்க. நான் இல்லைன்னு எழுதுறேன். பொய்தானே?"

அன்புச்செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று ஐம்பத்தைந்து.

"இப்ப பொய்தான். நாலு பத்துக்கு நான் பஸ் ஏறிட்டேன்னா உண்மை ஆயிரும். நாளைக்குக் காலைல நான் வந்து மறுபடியும் பொய்யாக்குறேன். நீ எழுது."

வெளியே வேடியப்பன் ஹாரன் அடித்தான். பெட்டி மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும். ஓவியா குனிந்து, கோணாமல், மிச்சத்தையும் எழுதி முடித்தாள்.